எடுத்தாளாம்

"அவதான் எடுத்திருக்காளாம்."

ஏழு வருடங்களுக்கு முன்னால், சென்னையில் ஒரு பெண்கள் விடுதியின் சாப்பாட்டு அறையில் நான் சொன்ன வாக்கியம் இது. எங்கள் அறையில் ஆறு பேர். ஒருத்தி சீட்டுக் கட்ட எடுத்து வைத்திருந்த நாலாயிரம் ரூபாயைக் காணவில்லை. ஆறாவதாக வந்து சேர்ந்திருந்த பெண்ணுக்கு இரவு வேலை. பகலில் நாங்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின் அவள் மட்டும் அறையில் தூங்குவாள். அவ்வளவுதான் சாட்சி. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. என்னிடம் ஒருத்தி மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். நான் சாம்பார் வாளி நம்ம மேசைக்கு வருவதற்குள் அடுத்த அறைக்காரியிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரிக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது.

பத்து நாளில் அவள் காலி செய்துகொண்டு போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் அவளோடு பேசவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் அந்தப் பணம், தொலைத்தவளின் பழைய கைப்பையில் உள் ஜிப்புக்குள்ளேயே கிடைத்தது.

அப்போது நான் எனக்குள் சொல்லிக்கொண்டது இதுதான்: நான் பொய் சொல்லலையே. 'எடுத்தா'ன்னா சொன்னேன்? 'எடுத்திருக்காளாம்'னுதானே சொன்னேன். இலக்கணப்படி பார்த்தால் இதில் ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு பேச்சு இருந்தது. அதை நான் கேட்டேன். கேட்டதைக் கேட்டதாகவே சொன்னேன்.

அந்த 'ஆம்' என்னை நன்றாகவே காப்பாற்றியது. அது காப்பாற்றியிருக்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது வெகுநாள் கழித்து. அமெரிக்கப் பெண் ஒருவர் 1982-ல் தானே உட்கார்ந்து உருவாக்கிய ஒரு மொழியின் இலக்கணத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது.

*

அந்த மொழியின் பெயர் லாதன். உருவாக்கியவர் சூஸெட் ஹேடன் எல்ஜின். மொழியியலாளர், அறிவியல் புனைகதை எழுத்தாளர். 1984-ல் வெளியான அவருடைய 'நேட்டிவ் டங்' நாவலில் வரும் எதிர்கால அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டுரிமை பறிக்கப்பட்டிருக்கும். சட்டப்படி அவர்கள் மைனர்கள். மொழிபெயர்ப்பைப் பரம்பரைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்களில், பிள்ளை பெறும் வயது கடந்த பெண்களை ஒரு தனி வீட்டில் ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்த வீட்டுப் பெண்கள் ஆண்களுக்குத் தெரியாமல் ஒரு மொழியைச் செய்வார்கள். அதுதான் லாதன்.

எல்ஜினுக்கு அது கதைக்கான அலங்காரம் மட்டும் அல்ல. பெண்கள் உணர்வதைச் சொல்ல இருக்கிற மொழிகள் போதவில்லை என்ற கருதுகோளை நிஜத்திலேயே சோதித்துப் பார்க்க விரும்பினார். அகராதியும் இலக்கணமும் எழுதி வெளியிட்டார். பெண்களுக்கு இப்படி ஒரு மொழி தேவைப்பட்டால் இதை எடுத்துக்கொள்வார்கள், அல்லது இதைவிட நல்லதாக ஒன்றைச் செய்வார்கள் என்று பத்தாண்டு காத்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை. அதே 1984-ல் 'ஸ்டார் ட்ரெக்' படத்தில் போர்வெறி பிடித்த வேற்றுக்கிரகத்தாருக்காக உருவான கிளிங்கான் மொழிதான் பிய்த்துக்கொண்டு போனது. தன் சோதனை தோற்றது என்று எல்ஜின் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

லாதனில் ஒவ்வொரு வாக்கியமும் 'இது என்ன மாதிரிப் பேச்சு' என்று சொல்லும் சொல்லோடு தொடங்கும். கூற்று, கேள்வி, வேண்டுகோள், வாக்குறுதி, எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. கூற்றாக இருந்தால் கடைசியில் இன்னொரு குட்டிச் சொல் வந்து உட்கார வேண்டும். 'இது எனக்கு எப்படித் தெரியும்' என்று சொல்லும் சொல் அது. அதைச் சான்றுச்சொல் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைப் பட்டியல் இவ்வளவுதான்:

'வ': நானே கண்டது, கேட்டது, உணர்ந்தது.
'வி': யாருக்கும் வெளிப்படையாகத் தெரிவது.
'வெ': கனவில் கண்டது.
'வொ': நான் கற்பனை செய்தது.
'வா', முதல் பாதியில் குரல் ஏறினால்: சொன்னவரை நம்புவதால் நான் உண்மை என்று எடுத்துக்கொண்டது.
'வா', பின் பாதியில் குரல் ஏறினால்: சொன்னவரை நம்பாததால் நான் பொய் என்று எடுத்துக்கொண்டது. சொன்னவருக்குக் கெட்ட எண்ணமும் இருக்கிறது என்று தோன்றினால் இதோடு இன்னொரு ஒலி சேரும்.
'வோ': இது உண்மையா என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

முதல் தடவை படித்தபோது சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை, நம்ம 'ஆம்' இதில் எங்கே வருகிறது என்று தேடினேன். இல்லை.

*

தமிழில் 'ஆம்' எவ்வளவு வசதியான ஒட்டு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'ஆகும்' என்பதன் குறுகல் அது. எந்த வாக்கியத்தின் வாலிலும் ஒட்டும். 'மழை வருமாம்.' 'அவருக்கு உடம்பு சரியில்லையாம்.' 'ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்.' இதைச் சொன்னது நான் இல்லை, எனக்கு வந்தது, உனக்குத் தருகிறேன். யாரிடமிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டாம், நான் நம்புகிறேனா என்றும் சொல்ல வேண்டாம்.

நம்பிக்கையை வேண்டுமானால் குரலில் காட்டலாம். 'அவருக்கு வேலை இருக்காம்' என்பதைச் சாதாரணமாகவும் சொல்லலாம், உதட்டைச் சுழித்து 'வேலை இருக்காம்!' என்றும் சொல்லலாம். இரண்டாவதில் அவருக்கு எந்த வேலையும் இல்லை என்பது எல்லாருக்கும் புரியும். லாதனில் நம்புவதும் நம்பாததும் ஒரே 'வா'வின் குரல் ஏற்றத்தில் பிரிவதைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் உதட்டுச் சுழிப்புதான் ஞாபகம் வந்தது. ஆனால் அங்கே அது இலக்கணம். அந்த ஏற்றத்தோடு சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். இங்கே கேட்டால், 'நான் சும்மாதானே சொன்னேன், நீயா ஏன் அப்படி எடுத்துக்கறே' என்று நழுவலாம். வாட்ஸப்பில் அந்தக் குரலும் போய்விடுகிறது, மிஞ்சுவது வெறும் 'ஆம்'.

கேள்விப்பட்டதை அறிவாக ஏற்கலாமா என்பது நமக்குப் பழைய கேள்விதான். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைப் பட்டியல் போடுகிறான். காட்சி, கருதல், உவமம், ஆகமம் என்று போகும் அதில் ஐதிகமும் ஒன்று. ஊர் வழிவழியாகச் சொல்லி வருவது. அவன் கொடுக்கும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்பது. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அந்தப் பேயை அன்றாடத் தமிழில் சொன்னால் 'இருக்காம்' என்றுதான் வரும். பின்னால் 29ஆம் காதையில் அறவண அடிகள், அளவை இரண்டே என்று காட்சியையும் கருதலையும் மட்டும் வைத்துக்கொள்கிறார்.

எல்ஜின் இந்த இரண்டு பக்கமும் போகவில்லை. பிறர் சொல்லி அறிவதை அவர் தள்ளவில்லை. தள்ளினால் வாழ முடியாது. என் பிறந்த தேதியே எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். ஆனால் 'கேள்விப்பட்டேன்' என்ற நடுநிலையான இடத்தை அவர் மூடிவிட்டார். சொன்னவரை நம்புகிறாயா, நம்பவில்லையா, எதுவுமே தெரியாதா? ஒன்றைச் சொல். செய்தியோடு சேர்ந்து நீயும் மேடைக்கு வா.

சாப்பாட்டு அறையில் நான் லாதன் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாடிப்படியில் சொன்னவளை நம்பி, ஏற்றம் முதலில் வரும் 'வா'வைப் போட்டிருக்கலாம். உடனே எதிரில் இருப்பவள் கேட்பாள்: ஏன் நம்புறே? அவ பார்த்தாளா? பதில் இல்லை. 'வோ' போட்டிருக்கலாம். அப்போது வாக்கியம் இப்படி வரும்: அவ பணத்தை எடுத்தா, ஆனா இது உண்மையான்னு எனக்குச் சுத்தமா தெரியாது. இதைச் சாம்பார் வருவதற்குள் யாராவது யாரிடமாவது சொல்வார்களா? வாயைத் திறக்கும்போதே வெட்கமாக இருந்திருக்கும். நேர்மையான சான்றுச்சொல் ஒட்டினால் சொல்லவே லாயக்கில்லாமல் போகிற வாக்கியங்கள் சில உண்டு. என்னுடையது அதில் ஒன்று.

*

இதற்கு நேர் எதிரான ஒரு மொழியும் இருக்கிறது. லோஜ்பான். தர்க்கத்தை அடிப்படையாக வைத்து ஒரு குழு 1987 முதல் வளர்த்த மொழி. அதற்கும் சான்றுச்சொற்கள் உண்டு. லாதனின் பட்டியலிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டோம் என்று 1997-ல் வந்த அதன் இலக்கண நூலே சொல்கிறது. 'பார்க்கிறேன்' என்பதற்கு ஒன்று, 'முடிவுக்கு வருகிறேன்' என்பதற்கு ஒன்று, 'என் கருத்து' என்பதற்கு ஒன்று. 'கேள்விப்படுகிறேன்' என்பதற்கு 'திஹே'. இது அப்படியே நம்ம 'ஆம்'தான். இவற்றைப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அந்த நூலில் ஒரு விளக்கம் என்னை நிறுத்தியது. சான்றுச்சொல் சேர்ந்த வாக்கியத்தை மறுக்க முடியாது என்கிறது அது. ஏனென்றால் பேசுபவர் சொல்வது தன் நிலையைப் பற்றி. நான் இப்படி நினைக்கிறேன், இப்படிக் கேள்விப்பட்டேன் என்று ஒருத்தர் சொன்னால், 'இல்லை, நீ கேள்விப்படவில்லை' என்று யார் மறுப்பது?

தர்க்கமாகப் பார்த்தால் சரிதான். என் குற்றத்தின் முழு வடிவமும் அதிலேயே இருக்கிறது. 'அவ எடுக்கலடி' என்று அன்று யாராவது என்னை மறுத்திருந்தாலும் என் வாக்கியம் பொய்யாகி இருக்காது. கேட்டேன் என்றுதானே சொன்னேன். பழியோ அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது, நானோ என் காதில் விழுந்ததைப் பற்றி மட்டும் உண்மை பேசிக்கொண்டிருந்தேன்.

எப்படித் தெரியும் என்று சொல்வதில் ஆக, இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, கேட்பவருக்கு உதவுவது: இது இந்தத் தரத்துச் சரக்கு, பார்த்து வாங்கிக்கொள். இன்னொன்று, சொல்பவர் தன்னைக் காத்துக்கொள்வது: சரக்கு கெட்டிருந்தால் என்னிடம் வராதே. ஒரே ஒட்டு இரண்டையும் செய்யும். எதைச் செய்கிறது என்பது சொல்பவருக்கு மட்டும்தான் தெரியும், சில சமயம் அவருக்கும் தெரியாது.

இயற்கை மொழிகளிலும் இந்த ஒட்டுகள் ஏராளம். கொலம்பியா, பிரேசில் எல்லையில் பேசப்படும் துயுகா மொழியில் ஐந்து வகை உண்டு. 'அவன் பந்து விளையாடினான்' என்று மொட்டையாகச் சொல்ல முடியாது. பார்த்தீர்களா, சத்தம் கேட்டதா, கால்தடம் போன்ற தடயத்தைக் கண்டீர்களா, யாராவது சொன்னார்களா, இருக்கும் என்று நினைக்கிறீர்களா என்பது வினைச்சொல்லிலேயே தெரிந்துவிடும். இப்படிப்பட்ட மொழிகளைப் பற்றிப் படிக்கும்போது, அவர்கள் நம்மைவிட நேர்மையாக இருப்பார்கள் என்று தோன்றும். அப்படி எல்லாம் இல்லை. பார்க்காததற்குப் பார்த்த ஒட்டைப் போட்டுப் பொய் சொல்ல யாராலும் முடியும். இலக்கணம் ஒரு கேள்வியை முன்னால் வைக்கும். பதிலை உண்மையாகச் சொல்ல வைக்க அதனால் முடியாது.

*

லாதன் பட்டியலின் முதல் சொல்லுக்குத் திரும்புகிறேன், 'வ'. நானே உணர்ந்தது. வெளியே கண்டதற்கும் உள்ளே உணர்ந்ததற்கும் எல்ஜின் ஒரே சொல்லை வைத்தார். 'மழை பெய்தது' என்பதற்கும் 'எனக்கு வலிக்கிறது' என்பதற்கும் முடிவில் வருவது அதே 'வ'.

அவர் அந்தக் காலத்துப் பெண் என்பதை மறந்துவிட்டால் இது சின்ன விஷயமாகத் தெரியும். வலிக்கிறது என்று பெண் சொன்னால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, உனக்கா தோணுது' என்பது பதில். அந்த ஆள் பார்க்கிற விதம் சரியில்லை என்றால் 'நீயா கற்பனை பண்ணிக்காத'. அந்தக் காலம் என்ன, போன வாரம்கூட நான் கேட்ட பதில்தான். பட்டியலில் கற்பனைக்குத் தனியாக 'வொ' இருக்கிறது. ஒரு பெண் 'வ' என்று முடித்தபின் அதை 'வொ' ஆக்கும் உரிமை வேறு யாருக்கும் கிடையாது. வேண்டுமானால் 'உன்னை நான் நம்பவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். அப்போது அது அவருடைய கூற்று ஆகிவிடும், அவர்தான் பொறுப்பு.

தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் 2007-ல் எழுதிய நூலில் இப்படிப்பட்ட அநீதிக்கு ஒரு பெயர் வைத்தார். பேசுபவர் யார் என்ற முன்முடிவால் அவர் சொல்லுக்கு உரிய நம்பிக்கையைக் குறைத்துக் கொடுப்பது. தமிழில் சாட்சிய அநீதி எனலாம். அடி, உதை, பணநஷ்டம் எதுவும் இல்லாமலே ஒருவரை, அறிந்து சொல்லக்கூடிய ஆள் என்ற தகுதியிலிருந்து இறக்கிவிடுவது.

விடுதியில் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் இருக்கவில்லை. "அக்கா, நான் எடுக்கல" என்று என்னிடமே சொன்னாள், துணி காயப்போடும் இடத்தில் வைத்து. அந்த ஆறு பேரில் இதை 'வ' போட்டுச் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். தான் எடுக்கவில்லை என்பது அவளுக்கு நேரடியாகத் தெரியும். மற்ற எங்கள் எல்லாரிடமும் இருந்தது 'ஆம்' மட்டும். அவள் பொய்யும் சொல்லியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நான் அதையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கவே இல்லை. அவள் புதிது, பகலில் தனியாக இருப்பவள், இருநூறு ரூபாய் கைமாற்று கேட்டவள். நேரில் அறிந்தவளின் சொல்லைவிட மாடிப்படியில் கேட்ட பெயரில்லாத பேச்சு எனக்குக் கனமாக இருந்தது. 'சரிம்மா' என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

*

இதையெல்லாம் ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் சட்டென்று மடக்கினாள். "ஆம் இல்லாம பொண்ணுங்க எப்படிடி பொழைக்கறது?"

அவள் சொன்னது இதுதான். புது ஆபீஸில் சேரும் பெண்ணிடம் சீனியர் ஒருத்தி, "அந்த ஆள்கூட தனியா கார்ல போகாத, ஒரு மாதிரியாம்" என்கிறாள். யாருக்கு நடந்தது என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்தப் பெண்ணின் வேலை போகும், பெயர் போகும். புகார் கொடுக்க ஆதாரம் இல்லை. ஊர் பேர் இல்லாத அந்த 'ஆம்' எத்தனையோ பெண்களைப் பத்திரமாக வீடு கொண்டுசேர்த்திருக்கிறது. "ஆதாரம் காட்டு, யார் சொன்னா சொல்லுன்னு கேக்கறது எப்பவும் மேல இருக்கறவன்தான்."

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்தபோது தோன்றியது: 'யார் சொன்னார்கள்' என்பதும் 'நீ நம்புகிறாயா' என்பதும் வேறு வேறு கேள்விகள். லாதன் கேட்பது இரண்டாவதை மட்டும். மூலம் யாரென்று சொல்லச் சொல்லி அது கட்டாயப்படுத்தவில்லை. "யாருன்னு கேக்காத. ஆனா சொன்னவளை நான் நம்பறேன்" என்று அந்த சீனியர் சொல்லலாம். பாதிக்கப்பட்டவள் பத்திரமாக மறைந்திருப்பாள். நாளை இது தவறென்று தெரிந்தால் தலை குனிய வேண்டியவள் சீனியர். நல்ல எச்சரிக்கைகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. சொல்பவள் சுற்றிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தன் பெயரை அடகு வைத்துச் சொல்கிறாள்.

நான் அடகு வைக்க எதையும் கொண்டுபோகவில்லை. அந்த சீனியருக்கு, விஷயம் மேலே போனால் தன் வேலைக்கே ஆபத்து. நான் சொன்னதில் என்னைத் தவிர எல்லாருக்கும் ஏதோ இழப்பு இருந்தது. இரண்டு பேரும் போட்டது ஒரே 'ஆம்'. 'ஆம்' போடுவதே தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இப்போது இல்லை. அதைப் போடும்போது இது தப்பாகப் போனால் யாருக்கு அடி விழும் என்று கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். அடி முழுக்க அங்கே இல்லாத ஒருவருக்கு என்றால், குறைந்தது 'நான் இதை நம்புகிறேன்' என்று சேர்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது.

*

இதை எழுதுவதற்கு முன்னால், பழைய அறைத்தோழி ஒருத்தியோடு போனில் பேசினேன். பேச்சு விடுதிப் பக்கம் போனது. "அந்தப் பணம் எடுத்தாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கா?" என்றாள். 'ஆம்' உதிர்ந்து போயிருந்தது. 'எடுத்தாளாம்' ஏழு வருடத்தில் 'எடுத்தாள்' ஆகிவிட்டது.

"பணம் கெடைச்சுதேடி, அவ பழைய பையிலேயே," என்றேன்.

"ஆமாமா, கெடைச்சுச்சாம்," என்றாள்.

பணம் கிடைத்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். நோட்டுகளை அவள் கட்டிலில் வைத்து எண்ணியதை என் கண்ணால் பார்த்தேன். "கெடைச்சுச்சாம் இல்ல, கெடைச்சுது. நான் பார்த்தேன்," என்று சொன்னேன். ஏழு வருடம் தாமதம். மூன்று மாடிக்கும் போய்ச் சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது ஒருத்தியிடம் சொன்னேன். அவள் "ஓ, அப்படியா" என்றுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.